பதினான்கு அடிப் பந்தல்

பந்தலுக்குக் கொடி வாங்கும்போது பலரும் பூவின் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். பந்தல் எதற்கு என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். நிழலுக்கா, காய்க்கா, மறைவுக்கா. வாசலில் வளைவாகப் போட்டால் வரவேற்பு என்று அர்த்தமாம். நர்சரிக்காரர் சொன்னார்.

எங்கள் வாசற்படியிலிருந்து தெருக்கதவு வரை பதினான்கு அடி. வெளியே போக வேறு வழி கிடையாது. அந்த நீளம் முழுக்கப் போட்டேன்.

"இந்தக் கொடிய வெச்சா ஊர்த் தேனீயெல்லாம் உங்க வீட்டுக்குக் குடிவந்துடும்மா. வாடகையும் தராது," என்று அவர் சிரித்தார்.

நான்கு செடி வாங்கினேன்.

என் தங்கைக்குத் தேனீ ஆகாது. பத்து வயதில் ஒன்று கொட்டி, மூச்சடைத்து, பிழைத்ததே பெரிது. இன்னொரு முறை தாங்காது என்று டாக்டர் அன்றே சொல்லிவிட்டார்.

கொடி பூத்ததும் அவள் ஜன்னலோடு நின்றுவிட்டாள்.

"வெட்டிடுக்கா. அந்தச் சத்தத்துல வெளிய கால் வைக்க முடியல."

"வெயில்ல நீ வாடக் கூடாதுன்னுதான்டி போட்டேன்."

"நான் என்ன பாலா, வெயில்ல திரிஞ்சு போறதுக்கு?"

வெட்டுகிறேன் என்று வாராவாரம் சொன்னேன். பொழுது சாய்ந்தால் தேனீ இருக்காது. ஆனால் எந்த அலுவலகமும் பொழுது சாய்ந்து திறப்பதில்லை. இரண்டு நேர்காணலுக்கு அவள் போகவில்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு, கொடி பூத்திருந்த அந்த ஐந்து மாதம்தான் நான் பயமில்லாமல் இருந்தேன். அதற்கு முன்பெல்லாம் அவள் பீரோவைத் திறந்தாலே, பெட்டி கட்டுகிறாளோ என்று ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன்.

பிறகு, நேர்காணல் கேட்காத ஒரு வெளியூர் வேலை கிடைத்தது. காலை ஒன்பதரைக்குப் பேருந்து. தலையோடு கால் போர்வை சுற்றிக்கொண்டாள்.

"கொட்டினா பையில ஊசி இருக்கு, உடனே போட்டுக்குவேன். நீ பயப்படாதேக்கா."

எனக்குத் தைரியம் சொன்னவளுக்குப் பற்கள் தந்தியடித்தன.

பாதி வழியில் போர்வை கொடியில் மாட்டியது. இழுத்தாள். பந்தலே குலுங்கியது. ஏழெட்டாவது கொட்டியிருக்கும். உட்கார்ந்து, பையைக் கவிழ்த்துத் தேடினாள். பிறகு நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள்.

ஊசியை நான் முந்தின நாளே எடுத்துவிட்டேன். எங்களுக்கு நடுவே ஏழடிதான். எனக்குப் பின்னால் வீட்டுக் கதவும் திறந்தே இருந்தது. அவள் தெருக்கதவைப் பார்த்துத் தவழ ஆரம்பித்தாள்.

வீட்டுப் பக்கம் ஓர் அடி வந்திருந்தால் கொடுத்திருப்பேன்.