கண் மூடாத பின்னல்

படைத்தவனைப் புகழ்ந்து தொடங்குகிறேன். கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் வாசிகசாலைத் தலைவர் ஜனாப் பளீல் ஹாஜியார் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! தறியை நிறுத்திவிட்டு மருதமுனையிலிருந்து வந்திருக்கும் என் தொழிலாளர்களே! இன்று வலை இழுக்கப் போகாமல் வந்திருக்கும் சாய்ந்தமருதுச் சகோதரர்களே! காரைதீவிலிருந்து நடந்தே வந்திருக்கும் அன்பர்களே! திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! உங்கள் அனைவர் மீதும் சாந்தி உண்டாவதாக!

நான் மேடைப் பேச்சாளன் அல்லன். மருதமுனையில் தறிச்சாலை நடத்தும் அப்துல் ஸமட். நம்மை விட்டுப் போன மர்ஹூம் ஜனாப் மக்கீன் டிஸ்பென்சர் அவர்களின் கூட்டாளி. அவரைப் பற்றிப் பேச என்னைவிடப் படித்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆனால் இந்த மேசை மேல் வைத்திருக்கும் துணிப்பொட்டலம் என்னிடம்தான் வந்து சேர்ந்தது. அதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டுத்தான் நான் இந்த மேடையை விட்டு இறங்க வேண்டும்.

இதை அனுப்பியவர் அவருடைய மனைவி சுல்பிகா. அவர் கணவனை இழந்தவர் காக்கும் இத்தாவில் இருக்கிறார், அந்த நாட்கள் முடியும்வரை வீட்டை விட்டு வர முடியாது. என் மனைவியின் கையில் கொடுத்துவிட்டிருக்கிறார். பிரித்துக் காட்டுகிறேன், பாருங்கள். மக்கீன் டிஸ்பென்சர் கடைசியாகப் பின்னிக்கொண்டிருந்த பின்னல். குடைக்கம்பியைத் தேய்த்து அவரே செய்த ஊசி இன்னும் அதிலேயே நிற்கிறது. அண்ணன் முறைக்கு என்னைக் காக்கா என்பவர் சொல்லியனுப்பிய வார்த்தையும் இருக்கிறது. “கடல் காத்துக்கு ஊசி கறள் ஏறுது காக்கா. கண்ண மூடுறதா, உருவி எடுக்கிறதா எண்டு கூட்டத்தில கேட்டுச் சொல்லியனுப்புங்க” என்றாராம்.

சபையோரே, இந்தக் கேள்வியின் கனம் புரிய வேண்டுமானால் மக்கீன் யார் என்று முதலில் புரிய வேண்டும்.

அவர் டிஸ்பென்சர். உங்களில் எத்தனை பேர் அவருடைய இருமல் மருந்தைக் குடித்து முகம் சுளித்திருக்கிறீர்கள்! எத்தனை பேருடைய பிள்ளைகளின் காய்ச்சலை அந்தக் கை தொட்டுப் பார்த்திருக்கிறது! கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டு போனவனுக்கும் போத்தலில் மருந்து ஊற்றிக் கொடுத்த மனிதர் அவர். ஆனால் ஊர் அவரை நினைத்துக்கொண்டது அதற்காகவா? இல்லை! பின்னல்கார டிஸ்பென்சர் என்றால்தானே பொத்துவில்காரனுக்கும் ஆள் விளங்கும்!

உலக யுத்த காலத்தில் தியத்தலாவைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். குளிர் நாடு. காயம்பட்டுக் கிடந்த சிப்பாய்களுக்குப் பொழுதுபோகக் கம்பளி நூலும் ஊசியும் கொடுத்துப் பின்னச் சொல்வார்களாம். நம்மவரும் பக்கத்தில் உட்கார்ந்து பழகிவிட்டார். யுத்தம் முடிந்து ஊருக்கு வந்து, சாய்ந்தமருதில் கரைவலைக்காரர் முகம்மது தம்பியின் வீட்டு மாப்பிள்ளையானார். மாப்பிள்ளை கொண்டுவந்த பெட்டியைத் திறந்து பார்த்தால் கம்பளி நூல்! இந்த வெயிலுக்கு! தோளில் சால்வை போட்டாலே வியர்க்கிற ஊருக்கு!

பெட்டியில் ஒரு பின்னலும் இருந்தது. மாமனார் அதைக் கையில் எடுத்து விரித்துப் பார்த்தாராம். ஆயுள் முழுக்க வலைக்கு முடிச்சுப் போட்ட கை அல்லவா? “மருமகன், இதில முடிச்சொண்டும் இல்லயே! வலையில ஒரு கண் அறுந்தா அந்தக் கண்தான் போகும். இதில ஒரு கண் விட்டா முழுக்கப் போகுமே!” என்றார். “ஓம் மாமா. ஒண்ட ஒண்டு புடிச்சிக்கிட்டுத்தான் நிக்கிது. முடிச்சுப் போட்டா இழுவ வராது” என்று மருமகன் பதில் சொன்னார். அன்றிலிருந்து மாமனாரின் வலைப் பேச்சே மருமகனின் பின்னல் பேச்சாகிவிட்டது. ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண். வேலை முடிந்து கடைசி வரிசையைக் கட்டிவிட்டால் கண் மூடியாயிற்று. கண் மூடிய பின்னல்தான் கொடிக்குப் போகும்.

அந்தக் கொடி! மருந்துக்கடை வாசலில் தென்னைக்குத் தென்னை கட்டிய தும்புக் கயிறு. அதைத் தெரியாதவர் யார்? வாரம் முழுக்கப் பின்னியதை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகுமுன் அதில் தொங்கவிடுவார். தொழுது வரும்போது நாமெல்லாம் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்போம். என்னென்ன பார்த்தோம்! சைக்கிள் மணிக்கு உறை பார்த்தோம். கரைவலை இழுக்கிறவர்களுக்குக் கையுறை பார்த்தோம். அது கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு அன்றைய மீன்பாட்டைவிடக் கனத்தது! நேரங்கெட்ட நேரத்தில் கூவுகிற பக்கத்து வீட்டுச் சேவலுக்கு முகமூடித் தொப்பி பார்த்தோம். அதை மாட்டியதும் சேவல் பின்பக்கமாகவே நடந்து வேலியில் போய் முட்டியது. தொப்பியைக் கழற்றிய பிறகு, விட்டதையெல்லாம் சேர்த்து அன்று முழுக்கக் கூவியது!

ஊதாத் தொப்பியை மறந்தீர்களா? என் தறியில் மிஞ்சிய வெள்ளை நூலை வாங்கித் தொழுகைத் தொப்பி பின்னினார். நல்ல காரியம். சும்மா இருந்திருக்கலாம். வெள்ளை வேண்டாம், நிறம் போட்டுப் பார்ப்போம் என்று, வாய்ப்புண்ணுக்குப் பூசுகிற ஊதா மருந்தில் ஊறவைத்துவிட்டார். காய்ந்த பின் அழகென்றால் அப்படி ஓர் அழகு! எனக்கொன்று தந்தார். இன்று இங்கே கம்பீரமாகத் தலைமை தாங்கும் ஹாஜியார் அவர்களும் ஒன்று கேட்டு வாங்கினார். சித்திரை வெயில். குத்பாப் பிரசங்கம் நீண்டது. வியர்வை வழிந்தது. சுஜூதிலிருந்து தலையைத் தூக்கினால், எங்கள் நெற்றி ஊதா, பள்ளிப் பாயும் ஊதா! சிரிக்கிறீர்கள். தலைவரும் சிரிக்கிறார். அந்த நிறம் போக எத்தனை நாள் தேய்த்தோம் என்று அவருக்குத்தானே தெரியும்!

மறு வெள்ளிக்கிழமை அதே தொப்பிகளை மக்கீன் கொடியில் தொங்கவிட்டார். “மானம் போகுது, எடுத்து உள்ள வையுங்க மச்சான்” என்றேன். “எதுக்கு? முடிஞ்சது முடிஞ்சதுதானே. நல்லா வந்ததை மட்டும் காட்டினா, பார்க்கிறவன் தன்ட கை கூடாத கை எண்டு நினைச்சிடுவான்” என்றார். தோற்றுப்போனதையும் ஊர் பார்க்கத் தொங்கவிட்ட மனிதரை வேறெங்காவது கண்டிருக்கிறீர்களா?

சபையோரே, அவர் செய்த பெரிய வேலைக்கு இப்போதுதான் வருகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து பார்த்தால், கொடியில் அவர் தொங்கவிட்டதற்குப் பக்கத்தில் இன்னொன்று தொங்கியது. வலை நூலில் பின்னிய ஒரு சிறு பை. அவருடையதல்ல. “யார்ர வேல இது?” என்று எல்லோரும் கேட்டோம். மக்கீன் மட்டும் கேட்கவில்லை. பையைக் கையில் எடுத்து, வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி உரத்துச் சொன்னார். “கைக்குப் பேர் எதுக்கு? கண்ணப் பாருங்க! ஒரு கண்ணும் விடல்ல!”

அடுத்த வாரம் இரண்டு தொங்கின. பிறகு கொடி நிறைந்தது. எப்படி வந்தன? ஆண்களெல்லாம் பள்ளிக்குள்ளே இருக்கிற நேரம்! குத்பா நடக்கிற அந்த நேரத்தில் தெரு யாருடையது? திரைக்கு அப்பால் இருக்கும் தாய்மார்களே, நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது! சுல்பிகாவிடம் பிடியைக் கற்று, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வேலிப் பொட்டு இடுக்கின் வழியே அது பரவியதை நாங்கள் ஒருவரும் அறியவில்லை. குடைக்கம்பிகள் காணாமற்போனதை மட்டும் அறிவோம். மழை வந்த பிறகு அறிந்தோம்!

ஒருநாள் கொடியில் ஒரு மஞ்சள் விரிப்பைக் கண்டேன். அந்த மஞ்சள் நூல் என் தறிச்சாலையைத் தவிர இந்தக் கரையில் வேறெங்கும் இல்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். மக்கீன் என் முகத்தைப் பார்த்தார். “நூல் நல்ல நூல் மச்சான்” என்றார், அவ்வளவுதான். வீட்டுக்குப் போனேன். குசினிப் பக்கம் பார்த்து, சமைத்துக்கொண்டிருந்த மனைவிக்குக் கேட்கும்படி, “இண்டைக்குக் கொடியில ஒரு மஞ்சள் விரிப்புக் கண்டன். நல்ல வேல” என்று சொன்னேன்.  அன்று என் பீங்கான் தட்டில் மீன் ஒரு துண்டு கூடுதலாக விழுந்தது. இத்தனை காலம் நெசவையே தொழிலாகக் கொண்டவன் வீட்டில் அப்படி ஒரு கை இருந்ததை எனக்குக் காட்டியவர் மக்கீன். அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தை இன்றும் சொல்லத் தெரியவில்லை.

பிறகு வந்தது ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளம். மறப்போமா? வயலும் தெருவும் ஒன்றாகிப்போன அந்த நாட்களில் பள்ளிக்கூடக் கட்டடத்தில் சனம் நனைந்து கிடந்தது. மக்கீன் அதுவரை சேர்ந்திருந்த கொடிப் பின்னலையெல்லாம் சாக்கில் போட்டுத் தலையில் சுமந்து இடுப்பளவுத் தண்ணீரில் வந்தார். எதைக் கண்டு சிரித்தோமோ, அதையெல்லாம் அன்று போர்த்திக்கொண்டோம்! காரைதீவிலிருந்து கைக்குழந்தையோடு வந்திருந்தார் செல்லத்தங்கம் என்ற தாய். பிள்ளை குளிரில் நீலம் பாரித்துக் கிடந்தது. மக்கீன் சாக்கைக் கிளறி எடுத்தது என்ன தெரியுமா? தேத்தண்ணீர் ஆறாமல் இருக்கக் கேத்தலுக்குப் பின்னிய கம்பளித் தொப்பி! மூக்குக்கு ஓர் ஓட்டை, பிடிக்கு ஓர் ஓட்டை. பிள்ளையின் தலையில் மாட்டினார். இரண்டு ஓட்டையாலும் இரண்டு காது வெளியே வந்தது!

“ஐயா, இது கேத்தல்ர தொப்பியெல்லோ?” என்று அந்தத் தாய் அழுகையோடு கேட்டார். “கேத்தல் ஆறினாப் பரவாயில்ல தங்கச்சி. புள்ள ஆறப்படாது” என்றார் மக்கீன். அன்று இரவெல்லாம் அந்தப் பிள்ளையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பிள்ளையில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் செல்லத்தங்கம் இன்று இங்கே வந்திருக்கிறார். அதோ, அந்த வாங்குப் பலகைக்கடியில் ஓடித் திரிகிற பயல்தான் அந்தப் பிள்ளை. கேத்தல் என்று கூப்பிட்டால்தான் திரும்புவான். 

சென்ற மாதம் ஒரு பின்னேரம், அஸர் தொழுகை நேரம். இருமலுக்கு மருந்து வாங்கப் போயிருந்தேன். மருந்துக்கடை வாங்கில் இந்தப் பின்னலோடு இருந்தார். “என்ன மச்சான் இது, நீளமாப் போகுது? சால்வையா, மீன் பிடிக்கிற வலையா?” என்று பகிடி பண்ணினேன். “கண் மூடினாப் பொறகு சொல்றன்” என்று சிரித்தார். மருந்து எடுக்க எழுந்தார். மறுபடி வாங்கில் சாய்ந்தார். என் மடியில்தான் சாய்ந்தார். கலிமா சொல்லிக் கொடுத்தேன். உதடு அசைந்தது. அவருடைய கண்ணை மூடியது இந்தக் கைதான்.

எங்கே போனார் எங்கள் மக்கீன்? வெள்ளிக்கிழமைகள் வருகின்றன. ஜும்ஆ முடிந்து அந்த வாசலுக்குப் போகிறேன். கொடி வெறுங்கொடியாகக் கிடக்கிறது. ஒரு பின்னலும் இல்லை. அது அவருடைய கொடி, அவரோடு போய்விட்டது என்று எல்லோரும் நினைத்துவிட்டீர்கள் போலும். அந்த வெறுங்கயிற்றைப் பார்த்தபோது பட்ட வேதனை, அவருடைய ஜனாஸாவைத் தோளில் தூக்கியபோதுகூட எனக்கு இல்லை.

இப்போது சுல்பிகாவின் கேள்விக்கு வருகிறேன். உருவி எடுப்பதா? அவருடைய கையால் போன நூலை உருவ யாருக்கு மனம் வரும்! அப்படியானால் கண்ணை மூடுவதா? சிலர் என்னிடம் அதைத்தான் சொன்னார்கள். மூடி, சட்டம் போட்டு வாசிகசாலைச் சுவரில் மாட்டலாம் என்றார்கள். மரியாதையான யோசனைதான். ஆனால் சபையோரே, ஒரு மனிதருக்கு ஒரு தடவைதான் கண் மூடலாம். நான் மூடிவிட்டேன். இன்னொரு தடவை என்னால் முடியாது!

ஆகவே என் பதில் இது. தலைவர் அவர்கள் அனுமதிக்க வேண்டும். மூடவும் வேண்டாம், உருவவும் வேண்டாம். இந்தப் பின்னலைத் திரைக்கு அப்பால் அனுப்புகிறேன். தாய்மார்களே, கொடியில் பெயரில்லாமல் தொங்கவிட்ட ஒவ்வொரு கையும் இதில் ஒரு வரிசை பின்ன வேண்டும். பின்னிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். நூல் தீர்ந்தால் உங்கள் நூலைச் சேருங்கள். என்ன நிறமும் ஆகலாம், ஊதா ஆனாலும் ஆகட்டும்! கை மாறிக்கொண்டிருக்கிற ஊசியில் கறள் ஏறாது. இத்தா முடிகிற நாளில் அது சுல்பிகாவின் மடிக்குப் போய்ச் சேரட்டும். மூடுவதா, இன்னும் பின்னுவதா என்று அவரே பார்த்துக்கொள்வார். இது என்ன பின்னல் என்று மக்கீன் சொல்லாமலே போனார். சொல்லியிருந்தால் அதோடு நின்றிருப்போம்.

ஆண்களே, நமக்கும் ஒரு கடமை உண்டு. கொடிக் கயிறு இற்றுப்போயிருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போகுமுன் நானே புதுக் கயிறு கட்டுவேன். தொழுது வந்து அண்ணாந்து பார்ப்போம். பெயர் கேட்க மாட்டோம். கண்ணைப் பார்த்து, வேலிக்கு அப்பால் கேட்கும்படி சொல்வோம். இதை மக்கீனின் பெயரால் வாக்காகத் தருகிறீர்களா? சத்தமாகச் சொல்லுங்கள்! நல்லது.

செல்லத்தங்கம் தங்கச்சி, நீங்கள் வாருங்கள். இதை நீங்களே உள்ளே கொடுங்கள். மெதுவாக! ஊசி நழுவாமல் பிடியுங்கள்.

வாங்கிவிட்டார்கள்.

அமைதியாக இருங்கள். டேய் கேத்தல், நீயும் சத்தம் போடாதே. கேட்கிறதா உங்களுக்கு? குடைக்கம்பி குடைக்கம்பியோடு தட்டுகிறது. மருந்துக்கடை வாசலில் இத்தனை காலம் கேட்ட அதே சத்தம்!

ஹாஜியார் அவர்களே, துஆவுக்குக் கையேந்த முன் கொஞ்சம் பொறுங்கள். அந்த வரிசை முடியட்டும்.