பித்தளையில் பன்னிரண்டு துளைகள்

தேநீரில் சர்க்கரை சரியாக இருக்கிறது, அதிகாரி பாஷா. காவல் நிலையத்தில் இவ்வளவு மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை.

நான் உஸ்தா பயூமி, பித்தளை வேலையில் கைதேர்ந்தவன். கெய்ரோவில் சப்தியா கடைவீதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பித்தளையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை போடுவது பலத்தால் ஆகிற காரியமில்லை. பித்தளை, துளைக்கும் பிட்டை உள்ளே இழுக்கும். அதனால் முனையைக் கல்லில் லேசாக மழுக்கிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் இறக்கி, தூக்கி, துகளை ஊதிவிட்டு மறுபடி இறக்க வேண்டும். அவசரப்பட்டால் துளை கோணிக்கொள்ளும். என் துளை கோணியதே இல்லை.

ஷவ்கியும் நானும் இருபத்தாறு வருடக் கூட்டாளிகள். அவனுக்கு வாய், எனக்குக் கை. இந்த வருடம் அவன் துளை போடும் கணினி இயந்திரம் ஒன்றை வாங்கிப் போட்டான். அது அவன் இஷ்டம். ஆனால் காபிக் கடையில் ஒரு ஹீட்டர் வியாபாரியிடம் அவன் பேசியது, பின்மேசையில் இருந்த என் காதில் விழுந்தது.

"பயூமிக்குக் கண்ணு போச்சுங்க. தடவித் தடவித்தான் ஓட்டை போடறான். இனிமே எல்லாம் மெஷின்தான்."

காபியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஷவ்கியே என் மேசைக்கு வந்தான். அவன் மகள் தஹானிக்குக் கல்யாணம். சீரில் குளியலறை ஹீட்டரும் உண்டு. அவள் போகும் புதுக் குடியிருப்புக்குக் குழாய் எரிவாயு இன்னும் வரவில்லை, சிலிண்டர்தான். அதற்கு ஹீட்டரில் எரிவாயுவைப் பீச்சும் பித்தளை ஜெட்டுகளை மாற்றி, சின்னத் துளையாகப் போட வேண்டும்.

"பன்னிரண்டு ஜெட் வேணும்டா. உன் கையாலதான் வேணும்."

"கண்ணு போனவன்கிட்டயா கேக்கறே?"

அவன் சிரித்தான். "அட, அது வியாபாரப் பேச்சுடா. மெஷின் சரக்கை விக்கணும்னா எதையாவது சொல்லத்தானே வேணும்? எம்பொண்ணு விஷயத்துல மெஷினை நம்புவேனா நான்?"

அதாவது, என் கண் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தேதான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

புள்ளி ஏழு மில்லிமீட்டர் கேட்டான். புள்ளி ஒன்பது போட்டேன். எரிவாயு அதிகமாகப் போனால் தீ நீலமாக எரியாது, மஞ்சளாகும். அதிலிருந்து வரும் நச்சுப் புகைக்கு வாசனையும் கிடையாது. புதுப்பெண்ணுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? தஹானி நல்ல பெண். என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை, பாஷா. கல்யாணமாகி ஒன்பதாம் நாள், குளிக்கப் போனவளைக் கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள். ஜனாஸா ஊர்வலத்தில் நானும் தோள் கொடுத்தேன்.

இப்போது நீங்கள் ஷவ்கியின் மனுவை நீட்டுகிறீர்கள். 'பயூமிக்கு நிஜமாகவே பார்வை மங்கிவிட்டது, அளவு தெரியாமல் நடந்த பிழை, அவன் மேல் எனக்கு வழக்கில்லை' என்று அழுதுகொண்டே எழுதிக் கொடுத்தானாம். இதன் கீழே ஒரு கையெழுத்துப் போட்டால் நான் வீட்டுக்குப் போகலாம்.

மறுபடியும் அதையே சொல்லியிருக்கிறான், பாருங்கள்.

இதில் கையெழுத்துப் போடமாட்டேன். வேறு காகிதம் எடுங்கள். தெரிந்தே போட்டேன். பன்னிரண்டும் புள்ளி ஒன்பது, ஒன்றுகூடப் பிசகாது. கண்ணாடி போடாமல் துளைத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.