ஒவ்வொரு மேடைக்கும் ஒரு கோடு

என் தங்கைக்கு ஆறிப்போன காபி ஆகாது. பதினொரு மணிக்குள் நான் வீட்டில் இருந்தாக வேண்டும். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் சார்.

அவளே பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, மேடையேறிப் பாடுவாள். அரங்கமே எழுந்து ஆடும். அந்த இரைச்சலில் பாடுகிறவளுக்குத் தன் குரலே கேட்காது. அதனால் இரண்டு காதிலும் குட்டி இயர்போன் செருகிக்கொள்வாள். அதில் என்ன கேட்க வேண்டும், எவ்வளவு கேட்க வேண்டும் என்று மேடையோரம் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து முடிவு செய்வது நான். ஒன்பது வருடம். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டவளும் நான்தான்.

பிறகு பியானோக்காரர் வந்தார். நல்ல மனிதர், குறை சொல்லமாட்டேன். இருவரும் சேர்ந்து போட்ட பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது.

“அக்கா, அடுத்த வருஷம் முழுக்க அவரோட டூர். சவுண்டுக்கு அவர்கிட்டயே ஆள் இருக்காம். நீ கொஞ்சம் ரெஸ்ட் எடேன்.”

“நான் என்ன கிழவியாடி?”

“பின்னே? கண்ணாடியத் தலையில வச்சுக்கிட்டு வீடு முழுக்கத் தேடுற ஆளாச்சே நீ.”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அன்று மாலை மேடையில் அவள் காதுச் சத்தத்தை ஒரு கோடு ஏற்றினேன். ஒரே ஒரு கோடு. அதன்பின் மேடைக்கு ஒன்று. சத்தம் அளவு மீறாமல் தடுக்க மிக்ஸரில் ஒரு பூட்டு உண்டு. அதை முதலிலேயே எடுத்துவிட்டிருந்தேன்.

“காதுல ஙொய்னே இருக்குக்கா,” என்றாள் ஒருநாள்.

“கைதட்டல்டி. உன்ன விட்டுப் போக அதுக்கு மனசு வரல.”

அந்த வரியை அவள் ஒரு பாட்டிலேயே வைத்தாள். நல்ல பாட்டு. கொஞ்ச நாளில், “இன்னும் ஏத்துக்கா, ஒண்ணுமே கேக்கல,” என்று அவளே கேட்க ஆரம்பித்தாள். பாதிக்கு மேல் அவள் கேட்டு வாங்கியதுதான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து எண்ணி நாற்பத்தோராவது மேடையில், வாத்தியமெல்லாம் நின்ற பிறகும் அவள் பாடிக்கொண்டிருந்தாள். பியானோக்காரர் எழுந்து வந்து கையைப் பிடித்து நிறுத்தினார். டூர் ரத்தானது. அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவர் மூன்று முறை வந்து கதவைத் தட்டினார். கதவு அதிர்வதைப் பார்த்து, யார் என்று அவள் என்னிடம் கேட்பாள். காற்று என்று சிலேட்டில் எழுதிக் காட்டுவேன்.

எங்கள் தொழிலில் மிக்ஸரில் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி, அன்றைய அளவைக் குறித்து வைப்போம். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் கிழித்து எறிவார்கள். நான் தேதி போட்டு நோட்டில் ஒட்டி வைப்பேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். உங்கள் மேஜையில் இருப்பது அந்த நோட்டுதான். நாற்பத்தொரு டேப். எல்லாம் என் கையெழுத்து.

அதை அவளே கொண்டுவந்து கொடுத்தாள் என்கிறீர்கள். பியானோக்காரர் கூடவே வந்தாராம், இப்போதும் வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்களாம். இருக்கட்டும். கோபம் அவளுக்கு ஒரு வேளைக்கு மேல் தாங்காது.

மணி பத்தே முக்கால் ஆகிறது, சார். என் பையில் இருந்த இந்தச் சிலேட்டில் நீங்களே எழுதிக் கேளுங்களேன், அவளுக்குக் காபி யார் கையால் வேண்டும் என்று.