தாளிக்காத கொழம்பு

கடுகு வேணாங்கக்கா, நீங்களே வச்சுக்கங்க. இன்னிக்குத் தாளிக்கல. ஐயோ, இல்லாம இல்லைங்க. அந்தா மூட்டையில எண்ணெ, கடுகு எல்லாம் கெடக்கு. சும்மாதான். இந்தக் கத்திரிக்காய அரிஞ்சு முடிச்சா அப்புடியே கொதியில போட்டுருவேன்.

அரிமளத்துலேருந்து வாரோம். இருட்டோட கெளம்புனோம், திருமயம் கோட்டை கண்ணுல பட்டதுமே காலு ஓஞ்சுபோச்சு. பழனிக்கு இன்னும் எம்புட்டோ கெடக்கு. அந்தா, ஊரணியில முங்கிக்கிட்டு இருக்காகள்ல, கையில மஞ்சக் காப்பு, அவுகதான் எங்க வீட்டுக்காரவுக. இந்த மயிலெறகுக் காவடி அவுகளுதுதான்.

போன ஆடியில கெணறு வெட்டுறப்ப மண்ணு சரிஞ்சு அவுகள மூடிருச்சு. தோண்டி எடுத்தப்ப மூச்சில்லைன்னுட்டாக. எங்க அத்தை அங்கனயே விழுந்து, எம்மகன எந்திரிக்க வையி முருகா, பேரனத் தூக்கிக்கிட்டுக் குடும்பத்தோட நடந்து வாரோம்னு கதறுச்சு. எந்திரிச்சுட்டாக. அப்ப நடக்கணும்ல? காப்புக் கட்டிவிட்ட ஆண்டிச்சாமி பூசாரி சொன்னாரு, பாதியில திரும்புனா குடுத்தத முருகன் திருப்பி வாங்கிக்கிருவான்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வரல.

பிள்ளையா? தூங்குறான். தொட்டிச் சேலைய வெலக்காதீங்கக்கா, வெயிலு அடிக்கும். வேப்பெலைங்களா... அது, ஈ மொய்க்குதேன்னு சொருகி வச்சேன்.

ஏன் பேச்ச நிறுத்திட்டேங்கிறீங்களா? அத்தையும் இப்புடித்தான் கேட்டுக்கிட்டே வந்துச்சு. ஏண்டி, ஒனக்கு வாயத் தச்சா கூட்டியாந்தோம்னு. மூணாங்கிளாசுலயே வாத்தியாரு என்னைய ஊமச்சின்னுதான் கூப்புடுவாரு. இம்புட்டுப் பேசுறது ஒங்ககிட்டதாங்க. நீங்க அசலூரு, நாளைக்கி என்னையப் பாக்கப் போறதில்ல.

நேத்தெல்லாம் அவனுக்கு மேலு கொதிச்சுது. விடிஞ்சதும் ஒரு புளியமரத்து மறவுல பால் குடுக்கையில பாத்தேன். நெத்தியில. பெறகு உள்ளங்கையில. முத்து முத்தா.

ஆத்தா வந்த வீட்டுல படி தாண்டப்படாது, தாளிக்கப்படாது, எனக்குத் தெரியாதா? சொன்னா அவுக அந்த நிமிசமே காவடிய எறக்கிருவாக, பிள்ளையத் தூக்கிக்கிட்டுத் திரும்பிருவாக. இவன நெனச்சுத் திரும்புனா அவுக உசுர நெனச்சுப் பயமா இருக்கு. அவுகள நெனச்சு நடந்தா இவனுக்கு என்னாகுமோன்னு பயமா இருக்கு. அதான், தாளிக்கவாச்சும் வேணாம்னு...

எந்திரிக்காதீங்கக்கா. மெதுவாப் பேசுங்க, அத்தை அங்கிட்டுத்தான் படுத்துருக்கு. நான் சொல்ல வந்தது அதில்ல. ஒங்க மக எங்க? இப்ப இங்கனதான நின்னுச்சு. தாளிக்க ஒண்ணுமில்லையான்னு நீங்க கடுகெடுக்க வீட்டுக்குப் போனீங்கள்ல, அப்ப, தம்பி தம்பின்னு இவனத் தொட்டியிலேருந்து தூக்கிருச்சு. கன்னத்தோட கன்னத்த வச்சுக்கிட்டு நின்னுச்சு. நானு வேணாம் தாயின்னு சொல்ல வாயத் தொறக்கறதுக்குள்ள... அத்தை பாத்துக்கிட்டே இருந்துச்சுக்கா, வெலக்குனா ஏன்னு கேக்கும்.

அந்தா, அவுக கூப்புடுறாக. இந்தா வாரேங்க! அக்கா, என்னையப் பெறகு வையிங்க. மொதல்ல ஓடிப்போயி, அவ மத்தப் பிள்ளைககூடச் சேராமப் பாத்துக்கங்க.