கோடையில் வேலை பழக வந்தவன்

கோடையில் எங்கள் ஆபீசில் அவ்வளவாக வேலை இருக்காது. அதனால்தான் 1941 மே மாதம் பட்டணத்துக் கல்லூரியிலிருந்து சவுரிராயனை அனுப்பினார்கள். பொருளாதாரத்தில் எம்.ஏ. படிக்கிறவன். சர்க்கார் எப்படி நடக்கிறது என்று இரண்டு மாதம் திண்டிவனத்தில் எங்கள் சுகாதார ஆபீசில் இருந்து பழக வேண்டுமாம். நான் தலைமை குமாஸ்தா. எனக்கு எதிரே அவனுக்கு நாற்காலி போடச் சொன்னார் அதிகாரி. போட்டேன். அவன் அப்பன் விழுப்புரம் பக்கத்துச் சேரியில் மல்லாட்டைக் கடலை பிடுங்கும் கூலி என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

கெட்டிக்காரன்தான். சைக்கிளில் ஊர் ஊராகப் போனான். எந்தச் சேரியில் கிணறு இல்லை, எங்கே வருஷா வருஷம் காலரா வருகிறது என்று எழுதினான். மூன்றாம் வாரம் பழைய காகிதக் கட்டுகளைப் பிரித்தான்.

"சார், கிளியனூர் தாண்டி இருக்கிற சேரிக்காரங்க கிணறு கேட்டு ஏழு வருஷமா மனு குடுத்துக்கினே இருக்காங்க. ஏழும் உங்க மேசையிலயே கெடக்குதுங்க. ரிப்போர்ட்டுல எழுதிடட்டுங்களா?"

மரியாதையாகத்தான் கேட்டான். எழுது என்றேன். இருபத்தாறு வருஷ சர்வீசில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

நாலு நாள் கழித்து, அதே சேரியில் காலரா என்று கிராம முன்சீப் சீட்டு அனுப்பினார். இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், ஊசி போட உடனே ஆள் வேண்டும் என்று இருந்தது. பியூன் துரைக்கண்ணு அதை என் கையில்தான் கொடுத்தான். அவன் விசாரணையில் உங்களிடம் சொன்னது உண்மை. சீட்டை மடித்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பிறகு சவுரிராயனைக் கூப்பிட்டு, அந்தச் சேரியில் ஒரு வாரம் தங்கினால் ரிப்போர்ட் நன்றாக அமையும் என்றேன்.

"அங்க நோவு ஏதாச்சும் இருக்குதுங்களா சார்? ஊசி போட்டுக்கினு போவட்டுமா?"

"இருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா? போய்ட்டு வா."

சந்தோஷமாகப் போனான். அந்த ஜனங்களோடு கேப்பைக் கூழும் குட்டைத் தண்ணீரும் குடித்தான். ஐந்தாம் நாள் மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். திண்டிவனம் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அவன் தாய் இருதயமேரி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை.

"எம்புள்ள தானா கேட்டுக்கினு போனானா, நீங்க அனுப்பிச்சீங்களாய்யா?"

அவனே கேட்டுப் போனான் என்றேன்.

"அப்படின்னா சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சீட்டு வந்த ஒன்பதாம் நாள் ஊசி போட ஆளை அனுப்பினேன்.

அவன் சாக வேண்டும் என்றுதான் அனுப்பினேன். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒன்பது நாளில் சேரியில் செத்த மற்றப் பத்தொன்பது பேரையும் என் தலையில் போடுவது நியாயமில்லை. அவர்கள்மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.