மீசை இல்லாத வண்டிக்காரர்

மெல்பேர்னில் டண்டினொங் போகும் ரயிலில் எதிர் இருக்கையில் தாதியர் சீருடையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். "மீசையை ஊசியால சுரண்டி எடுத்திட்டன், தாடியை விட்டிட்டன்" என்று ஒருவர் யாழ்ப்பாணப் பேச்சில் சொன்னதும் நான் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டேன்.

மற்றவர் தமிழ்நாட்டுக்காரர். "யாருக்குக்கா?"

"வண்டிக்காரருக்கு."

கைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே பஞ்சின் மேல் வண்டிக்காரரோடு ஒரு பொம்மைக் குதிரை வண்டி. குதிரை கட்டைவிரல் நகத்தளவுதான்.

"வீட்டில நான் செய்யிற குட்டி ரயில் பாதைக்கு. அமெரிக்காவில ஆமிஷ் எண்டு ஒரு சனம், கார் வச்சிருக்க மாட்டினம், குதிரை வண்டிதான். இந்த அளவில ஒரு வருசமாத் தேடினனான். கடைசியில வந்தது கறுப்பு. நான் செய்யிற அவையின்ர ஊரில வண்டியெல்லாம் சாம்பல் நிறம்தான். அதால பெயின்ற் மாத்தி அடிச்சனான்."

"அப்ப மீசை?"

"அந்த ஆம்பிளையள் கலியாணம் கட்டினா தாடி வளப்பினம். மீசை வைக்க மாட்டினம்."

தமிழ்நாட்டுக்காரர் பெட்டியைக் கண்ணருகே பிடித்து, பறந்துவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். "எவ்ளோ அழகா இருக்குக்கா! ஆனா இத்தனூண்டு மூஞ்சில மீசை இருந்தா யாருக்குத் தெரியப் போகுது?"

"அந்தச் சனத்தில ஆரும் வந்து பாத்தா?"

"காரே வச்சுக்காதவங்க பிளேன் ஏறி மெல்பேர்னுக்கு வருவாங்களாக்கா?"

"வரமாட்டினம்தான்." அவர் தீப்பெட்டியை வாங்கி மெல்ல மூடினார். "வரமாட்டினம் எண்டதுக்காகப் பிழையாச் செய்யலாமோ?"