கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவன்

விழுவதில் முக்கியம் முழங்கால் இல்லை, தோள். இது தெரியாதவர்கள்தான் பல்லை உடைத்துக்கொள்கிறார்கள். தோளைத் தளரவிட்டு, பக்கவாட்டில் சரிந்து, தலையைக் கடைசியில் மெதுவாகத் தரையில் வைக்க வேண்டும். சத்தம் மட்டும் பெரிதாக வரவேண்டும். இதற்குப் பத்து வருஷம் சம்பளம் வாங்கியவன் நான். நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேராசிரியரைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். மனிதன் எப்போது நல்லவனாக இருக்கிறான், எப்போது இருப்பதில்லை என்று ஆராய்ச்சி செய்தவர். சாமியார் மாதிரி உபதேசம் பண்ணமாட்டார், எண்ணிப் பார்த்துச் சொல்லுவார். ஒருவன் வழியில் சுருண்டு கிடந்தால் பத்துப் பேரில் எத்தனை பேர் நிற்கிறார்கள்? கூட ஆள் இருந்தால் எத்தனை, தனியாக வந்தால் எத்தனை? ஏதோ படிவம் நிரப்ப என்று சொல்லி வெளியாட்களை வரவழைப்போம். அவர்கள் இரண்டாம் மாடி வராந்தா வழியாகப் போகும்போது முன்னால் ஒருவன் விழுவான். சுவரில் ஒரு பெரிய கண்ணாடி. வராந்தாவில் இருப்பவர்களுக்கு அது முகம் பார்க்கிற கண்ணாடி, பின்னால் உள்ள சின்ன அறையில் இருப்பவனுக்கு ஜன்னல். அங்கே பேராசிரியர் கையில் நிறுத்து கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பார்.

நான் அந்தக் கட்டடத்தில் நாற்காலி மேசை தூக்குகிற ஆளாக இருந்தேன். ஒருநாள் நாலு நாற்காலியோடு படியில் உருண்டேன். அவர்தான் ஓடிவந்து தூக்கினார், சட்டையைத் தட்டிவிட்டார், தண்ணீர் கொடுத்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்: "பெரியவரே, இதையே தினமும் செய்ய முடியுமா?" அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. அப்போதே பெரியவர்தான்.

என் மனைவி கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரெல்லாம் நிமிர்ந்து நின்னு சம்பாதிக்குது, நம்ம வீட்டு ஆம்பளை குப்புற விழுந்து சம்பாதிக்கிறாரு." கட்டடத்தில் எனக்குத் தொப்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தலைமை எழுத்தர் என்னைப் பார்த்தால், "என்ன தொப்பண்ணே, இன்னைக்கு எத்தனை தடவை செத்தீங்க?" என்பார். எனக்கு வருத்தம் இல்லை. உலகத்தில் எத்தனையோ பேர் ஒருநாளைக்குப் பத்து முறை விழுகிறார்கள். எனக்குப் பாயாவது போட்டிருந்தது.

அந்த வேலையில் இரண்டு விதி. ஒன்று, கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவன் எக்காரணம் கொண்டும் வெளியே வரக்கூடாது. வந்தால் சோதனை கெட்டுவிடும். இரண்டு, விழுந்தவனுக்கு நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டால் தரையில் மூன்று முறை தட்ட வேண்டும். அப்போது முதல் விதி செல்லாது.

பத்தாவது வருஷம் என் இடுப்பெலும்பில் விரிசல் விட்டது. மூன்று முறை தட்டினேன். ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார். கையில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்த மறந்துவிட்டார். என்னைத் தூக்கிக் கைத்தாங்கலாகப் பிடித்தபோதுதான் பார்த்தேன், நான் விழுந்து இருபது நொடிகூட ஆகியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வேடிக்கையாகக் கேட்டேன், "சார், உங்களையும் நின்னவங்க கணக்குல சேர்த்துக்கலாமா?" அவர் சிரித்தார். "கண்ணாடிக்குப் பின்னால இருக்கறவனைக் கணக்குல சேர்க்கக்கூடாது, பெரியவரே. அவன் ஆளே இல்லை."

குணமாகி வந்ததும் என்னைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைத்தார். விழ வேறு ஆள் வந்தான், நன்றாக விழமாட்டான். அவருக்கு வெளியூர்க் கூட்டங்கள் வரத் தொடங்கியிருந்தன. பார்ப்பதும், நேரம் எழுதுவதும், நின்றவனுக்கு ஒரு கோடு போடுவதும் என் வேலை.

முதல் நாள் பத்துப் பேர் போனார்கள், மூன்று பேர் நின்றார்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை. மூன்று பேர் நின்றதே அதிகம், அதில் ஒருவன் பர்ஸ் எங்கே என்று பார்த்திருப்பான் என்று நினைத்தேன். பேராசிரியர் சாயங்காலம் தாளைப் பார்த்தார். "மூணுதானா?" என்றார். பெற்ற பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்த்த அப்பன் மாதிரி முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் மூன்றுதான். நான் ஐந்து என்று எழுதினேன். அவர் எனக்கு டீ வாங்கிக்கொடுத்தார். அடுத்த வாரம் ஏழு ஆனது. ஏழோடு நிறுத்திக்கொண்டேன். பத்துப் போட்டால் சந்தேகம் வரும். படிப்புத்தான் இல்லை, புத்தி உண்டு.

அந்த ஏழை வைத்துத்தான் அவர் புத்தகம் எழுதினார். தனியாக விடப்பட்ட மனிதன் தானாகவே நல்லவன் என்றார். நாடு நாடாகக் கூப்பிட்டார்கள், மேடையில் உட்காரவைத்தார்கள். புத்தகத்தின் முன்னுரையில் கடைசி வரியில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார், 'என் கண்கள்' என்று. பதினாறு வருஷம் இப்படி ஓடியது. எவனையும் நம்பாத நான் உட்கார்ந்துகொண்டு மனிதர்களை வாரம் ஐந்து நாள் நல்லவர்களாக ஆக்கிக்கொண்டிருந்தேன். கடவுளுக்குக்கூட அவ்வளவு ஒழுங்காக வேலை நடந்திருக்காது.

போன மாதம் அவருக்குக் கீழே புதிதாகச் சேர்ந்த அம்மாள் வராந்தாவில் ஒரு கேமரா மாட்டினார். நாலு வாரம் கழித்து எண்ணிப் பார்த்தார். மூன்று.

அன்று மதியம் பேராசிரியர் என் அறைக்கு வந்து அந்தப் பழைய முக்காலியில் உட்கார்ந்தார்.

"எத்தனை வருஷமா, பெரியவரே?"

"உட்கார்ந்த மறுநாள்லேருந்து, சார்."

"ஏன்?"

"மூணுன்னு பார்த்ததும் உங்க முகம் ஒரு மாதிரி ஆச்சு."

அவர் என் மடியில் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அப்ப நீங்க மட்டும்தான் எனக்காக நின்னிருக்கீங்க" என்றார். புத்தகம் தப்பு என்று நாளைக் காலை எல்லாருக்கும் கடிதம் அனுப்பிவிடப்போவதாகச் சொன்னார். "உங்க பேர் வராது. நான் சரியாப் பார்க்கலைன்னுதான் எழுதப்போறேன். அது உண்மையும்தான்."

இதை நான் நம்பவில்லை. பேர் வராது என்று வலிய வந்து சொல்கிறவன்தான் முதல் வரியிலேயே பேரைப் போடுவான். ஆனால் என் கவலை அது இல்லை. என் கவலை அவர் பெயர். இருபத்தாறு வருஷ உழைப்பைத் தன் கையாலேயே கொளுத்தப் போகிறார், அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

அவர் எழுந்து போனார். வராந்தாவில் பத்து அடி நடந்திருப்பார். நான் அந்தக் காலத்தில் விழுந்த பாய்க்கு இரண்டடி தள்ளி விழுந்தார்.

தொழில்காரன் புத்தி, முதலில் விழுந்த விதத்தைத்தான் பார்த்தேன். தோள் தளரவில்லை. கை முன்னால் வரவில்லை. தலை முதலில் போய்விட்டது. நான் கற்றுக்கொடுத்திருந்தால் இப்படி விழுந்திருக்கமாட்டார் என்று நினைத்தேன். கை தானாகக் கடிகாரத்தை அமுக்கியது. பதினாறு வருஷப் பழக்கம்.

நாற்பதாவது நொடியில் தலைமை எழுத்தர் கோப்புக் கட்டோடு வந்தார். "என்ன சார், தொப்பண்ணன் இடத்துக்கு வந்தவனுக்கு லீவா? இன்னைக்கு நீங்களே விழுந்துட்டீங்க" என்று சொல்லி, சோதனையைக் கெடுத்துவிடக்கூடாதே என்று காலைத் தூக்கிவைத்துத் தாண்டிப் போனார். இரண்டு நிமிடம் கழித்துத் துடைக்கிற அம்மா வந்தாள். "ஈரத் தரை சார், சளி புடிச்சுக்கும். சீக்கிரம் முடிச்சுட்டு எழுந்திருங்க" என்று வாளியைத் தள்ளிக்கொண்டு போனாள். அவர்களைத் தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள். அந்த மாடியில் ஒருவன் செத்தே கிடந்தாலும் நடிப்பு என்றுதான் நினைப்பார்கள். அப்படி அவர்களைப் பழக்கியதே நாங்கள்தான்.

அதன் பிறகு பேராசிரியர் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். அதில் அவருக்குத் தெரிந்திருப்பது அவர் முகம்தான். வலது கையை எடுத்துத் தரையில் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று.

கொஞ்சம் இளைப்பாறி மறுபடி மூன்று.

நான் உட்கார்ந்திருந்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன். நான் வெளியே போனால் அவர் பிழைப்பார், பிழைத்தால் நாளைக் காலை கடிதம் போகும். போகாவிட்டால் புத்தகம் நிற்கும், மனிதன் நல்லவன் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கும். நேற்று வந்த கேமரா அம்மாள் பேச்சை யார் கேட்கப்போகிறார்கள்? எடைபோட்டுப் பார்த்தால் நீங்களும் இதையேதான் செய்திருப்பீர்கள். ஒன்பது நிமிடம் நாற்பது நொடியில், தட்டிக்கொண்டிருந்த அவர் கை நின்றது. கடிகாரத்தை ஆணியில் மாட்டிவிட்டு, தாளை நிரப்பி, பின்பக்கக் கதவு வழியாக வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டேன். "இன்னைக்கு என்ன இடுப்பு வலி இல்லையா, முகம் தெளிவா இருக்கே" என்றாள் மனைவி.

கேமராவில் நான் இல்லை. அந்தத் தாள் இல்லையென்றால் என்னை நீங்கள் தேடியே இருக்கமாட்டீர்கள். அதை ஏன் வைத்துவிட்டு வந்தாய் என்று மூன்று முறை கேட்டீர்கள். அது என் வேலை. பாதியில் விட்டுவிட்டு வரும் பழக்கம் எனக்கு இல்லை.

நேற்று அவர் சட்டைப்பையில் கிடைத்ததென்று ஒரு கடிதத்தைப் படித்துக் காட்டினீர்கள். அப்போதே எழுதி முடித்து வைத்திருக்கிறார். தவறு முழுக்கத் தன்னுடையது என்று இருந்தது. என் பெயர் ஓரிடத்திலும் இல்லை. நான் அதை நம்பவில்லை. இரண்டாவது பக்கம் ஒன்று இருக்கும், நன்றாகத் தேடிப் பாருங்கள்.

நான் கொன்றேனா என்று கேட்டால், ஆம், அப்படித்தான் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தத் தாளில் மட்டும் திருத்தம் செய்யாதீர்கள். முதல் நாளுக்குப் பிறகு, பதினாறு வருஷத்தில் நான் ஒரு பொய்க் கோடும் போடாமல் நிரப்பிய ஒரே தாள் அது. கடந்து போனவர்கள், இருவர். நின்றவர்கள், இல்லை. மூன்றாவதாக ஓர் ஆள் இருந்தானே என்று உங்கள் எழுத்தர் நேற்றுப் பென்சிலால் எழுதப் பார்த்தார். அது தவறு. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவனைக் கணக்கில் சேர்ப்பதில்லை.